பூட்டிக்கிடக்கும் மலைவீட்டுக்கு எந்த மரச்சட்டகம்?

கீழ்ப்பழனி மலையில் 20-க்கு 16 அடியில் ஒரு விடுமுறை வீட்டை நீங்களே மரத்தில் எழுப்புவதாக இருந்தால் வழி இரண்டு. 6 அங்குலச் சதுரத் தூண் நிறுத்தி உத்தர முனையில் நாக்குபோல் செதுக்கிய கழுந்தைத் தூணின் குழியில் கோத்து ஏற்றும் கனச்சட்டகம் ஒன்று. 2-க்கு 4 அங்குலச் சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே பிளைவுட் அறையும் இலகுச்சட்டகம் மற்றொன்று.

முதலில் மரக்கணக்கு. 9 அடித் தூண் ஒன்பது, 6-க்கு 8 அங்குல உத்தரம் நீளவாக்கில் மூன்று, குறுக்கே மூன்று என்றால், கூரையின் கைமரம் நீங்கலாக 56 கன அடி வரும். தூண்களுக்கு இடையே செங்கல்லோ பலகையோ தனி. இலகுச்சட்டகத்துக்கு ஏறக்குறைய 70 சட்டமும் மேல் கீழ்ப் பட்டைகளும் சேர்ந்து 43 கன அடி. அதோடு 8-க்கு 4 அடி பிளைவுட் 18 தாள்.

தூக்குவதில்தான் பெரிய வித்தியாசம். 16 அடி உத்தரம் காய்ந்த தேக்கிலேயே 100 கிலோவை ஒட்டி இருக்கும்; செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) இல்லாமல் ஏற்றவே கூடாது. 2-க்கு 4 சட்டம் ஒன்று 7 கிலோதான். சுவரைத் தரையில் படுக்கவைத்து அடித்து, நான்கு பேர் நிமிர்த்திவிடலாம். ஆனால் சட்டங்களின் மையம் மூலையிலிருந்து 16, 32, 48 அங்குலத்தில் விழ வேண்டும். முதல் இடைவெளியை மூலைச் சட்டத்தின் உள் ஓரத்திலிருந்து அளந்துவிட்டால் பிளைவுட்டின் விளிம்பு ஆணியடிக்க இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

கனச்சட்டகத்தின் உயிர் மூட்டில் இருக்கிறது. 6 அங்குலத் தூணுக்குக் கழுந்தின் கனம் 2 அங்குலம், மூன்றில் ஒரு பங்கு. மூட்டைப் பூட்டும் மர ஆணிதான் முளை; தூணில் அதற்குத் துளையிட்டு, கழுந்தைச் செருகி, துளையின் மையத்தை அதில் குறித்து வெளியே எடுங்கள். குறியிலிருந்து 3 மி.மீ. தோள்பக்கமாக, அதாவது கழுந்து உத்தரத்தோடு சேரும் பக்கமாகத் தள்ளிக் கழுந்தைத் துளையுங்கள். முளை இறங்க இறங்க உத்தரம் தூணோடு இழுபட்டு இறுகும். நுனிப்பக்கம் தள்ளிவிட்டால் அதே முளை மூட்டை விலக்கிவிடும். தூணும் உத்தரமும் சேரும் மூலைதோறும் 45 பாகையில் சாய்சட்டம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கழுந்தும் காற்றில் ஆடித் தளரும். பச்சை மரத்தில் வேலை செய்தால் 8 அங்குல உத்தரம் காய்ந்தபின் 5 மி.மீ. வரை சுருங்கும், தூணில் நெடுக வெடிப்பும் விழும். நெடுக்கு வெடிப்பு பெரும்பாலும் பலத்தைக் கெடுப்பதில்லை. முளை மட்டும் நன்கு காய்ந்த மரமாக இருக்கட்டும்.

மலைத்தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். அதைக் கறையான் தின்னும். மருந்தேற்றினால் உதவும், ஆனால் அறுத்த முனைகளில் மறுபடி மருந்து பூச வேண்டும்; செம்பு கலந்த மருந்து என்றால் கால்வனைஸ் ஆணிதான், சாதா ஆணியை அது அரித்துவிடும். தேக்கிலும் நடுவிலுள்ள வைரம்தான் கறையானைத் தாங்கும், வெளிறிய ஓரம் தாங்காது.

விடுமுறை வீடு பல வாரம் பூட்டியே கிடக்கும். அதனால் எங்கள் ஓட்டு கனச்சட்டகத்துக்கு. இலகுச்சட்டகத்தில் கூரை ஒழுகினாலும் கறையான் ஏறினாலும் பிளைவுட்டுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. தெரியும்போது சட்டம் உளுத்திருக்கும். வெளியே நிற்கும் தூணில் கறையானின் மண்கோடு ஏறினால் கதவைத் திறந்ததும் கண்ணில் படும். அதற்குத் தூணின் கால் தரையைத் தொடக் கூடாது: 18 அங்குலக் கல்மேடை, அதன்மேல் இரும்புத் தாங்கி, மரத்துக்கும் மேடைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. ஆள்பலமோ பட்டறையோ இல்லாதவர்கள் இலகுச்சட்டகமே எழுப்பலாம். உட்பக்கம் கீழ் ஓர் அடிப் பலகையைத் திருகாணியில் மாட்டி, வரும்போதெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும்.