பைதான் லாக் கோப்புச் சுழற்சி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

நிரல் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகாமல், அதை அவ்வப்போது பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்குவதுதான் சுழற்சி. பைதானுடனேயே வரும் லாகிங் நூலகத்தின் கோப்புச் சுழற்சியைச் சில ஆண்டுகளாகப் பல சேவைகளில் பயன்படுத்தி வருகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே செயல்முறையாக (ப்ராசஸ்) ஓடும் நிரலுக்கு இது தாராளமாகப் போதும். பல செயல்முறைகள் ஒரே கோப்பில் எழுதும் இடத்தில் இதைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது.

லாக் வரிகளை எழுதும் பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அளவை வைத்துச் சுழற்றும் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லரில் மேக்ஸ்பைட்ஸ் (கோப்பின் உச்ச அளவு), பேக்கப்கவுன்ட் (வைத்திருக்கும் பழைய கோப்புகளின் எண்ணிக்கை) என்று இரண்டு அமைப்புகள் உண்டு. இரண்டில் எது பூஜ்யமாக இருந்தாலும் சுழற்சி நடக்காது. பேக்கப்கவுன்ட்டின் இயல்பு மதிப்போ பூஜ்யம். 10 எம்பி என்று அளவை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் கோப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் ஜிபி கணக்கில் வளரும். ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது; படிப்பவர்தான் குறைவு.

எனக்கு இதில் பிடிக்காதது எண்ணிட்ட பெயர்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஆப்.லாக்.1 என்பது 2 ஆகும், 2 என்பது 3 ஆகும். காலையில் ஒருவர் "மூன்றாம் கோப்பைப் பாருங்கள்" என்று எழுதினால், மதியம் அந்தப் பெயரில் இருப்பது வேறு கோப்பு. அதனால் மனிதர்கள் திறந்து படிக்கும் லாக் எல்லாவற்றையும் நேரத்தை வைத்துச் சுழற்றும் டைம்ட்ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லருக்கு மாற்றிவிட்டேன். தேதி போட்ட பெயர் இடம் மாறாது.

ஆனால் அது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அடுத்த வரி எழுத வரும்போதுதான் நேரம் கடந்துவிட்டதா என்று பார்க்கும். இரவில் வேலையே இல்லாத சேவையில் 'மிட்நைட்' சுழற்சி மறுநாள் காலை முதல் கோரிக்கை வரும்போதுதான் நடக்கும். நள்ளிரவு 12.05க்கு நேற்றைய கோப்பை எடுக்கப் போகும் ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பும்.

நேர மண்டலமும் கவனிக்க வேண்டியது. சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் அதன் நள்ளிரவு நமக்கு விடியற்காலை 5.30. அட்டைம் என்ற அமைப்பில் 18:30 கொடுத்தால் இந்திய நள்ளிரவில் சுழலும். ஆனால் பெயரில் வரும் தேதி, அந்த இடைவெளி தொடங்கிய யுடிசி தேதி. ஜூன் 5 அன்று நடந்தவை ஜூன் 4 என்ற பெயரில் போய் உட்காரும். நேமர் என்ற செயல்கூறால் பெயரைத் திருத்தலாம். செயல்முறையின் நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் சூழல் மாறியை ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிடுவது அதைவிட எளிது. நான் அதைத்தான் செய்கிறேன்.

நேமர், ரொட்டேட்டர் இரண்டும் பைதான் 3.3 முதல் இருப்பவை. இந்த நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இவைதான். பெயரின் கடைசியில் .ஜிஇசட் சேர்க்க ஒன்று, பழைய கோப்பை ஜிஜிப் செய்து சுருக்க மற்றொன்று. சில வரிகளில் வேலை முடிந்துவிடும். விலை வேறு இடத்தில் இருக்கிறது. சுருக்கும் வேலை லாக் எழுதும் இழையிலேயே (த்ரெட்), ஹேண்ட்லரின் பூட்டைப் பிடித்தபடி நடக்கிறது. கோப்பு பெரிதாக இருந்தால் அந்த நேரத்தில் லாக் எழுத வரும் எல்லா இழைகளும் வரிசையில் நிற்கும். வாடிக்கையாளரின் கோரிக்கையும் சேர்ந்தே காத்திருக்கும். வரிகளை வரிசையில் போடும் கியூஹேண்ட்லர், அங்கிருந்து எடுத்து எழுதவைக்கும் கியூலிஸனர் என்ற இணையை நடுவில் வைத்தால் கோப்பு வேலை தனி இழைக்குப் போய்விடுகிறது. சுருக்கத்தை இயக்கும் சேவைகளில் இதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

தேதி வடிவத்தை மாற்ற, கோப்புப் பெயரின் பின்னொட்டைக் குறிக்கும் சஃபிக்ஸைத் தொடுபவர்கள் எக்ஸ்ட்மேட்ச் என்ற ஒழுங்குக்கோவையையும் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) மாற்ற வேண்டும். எந்தப் பழைய கோப்பை அழிக்கலாம் என்று அதை வைத்துத்தான் நூலகம் கண்டுபிடிக்கிறது. பொருந்தாத பெயர்களை அது தொடாது, பிழையும் காட்டாது. டிஸ்க் நிறையும்போதுதான் தெரியவரும். நாள்-மாதம்-ஆண்டு என்ற நம் வழக்கம் இங்கே உதவாது. ஆண்டு முன்னால் இருந்தால்தான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாக இருக்கும்.

தமிழ்ப் பெயர்களையும் முகவரிகளையும் லாக்கில் எழுதுபவர்கள் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் இயல்பு அமைப்பை நம்பினால் எழுதும்போதே பிழை வரலாம்.

இனி பல செயல்முறைகள். குனிகார்ன் போன்ற வலை சர்வர்களில் ஒர்க்கர் எனப்படும் ஒவ்வொரு செயல்முறையும் தனித்தனியாகச் சுழற்றப் பார்க்கும். நெடுங்காலம் புழங்கிய பதிப்புகளில், முதல் ஒர்க்கர் பெயர் மாற்றி வைத்த நேற்றைய கோப்பை இரண்டாவது ஒர்க்கர் அழித்துவிட்டு, சற்றுமுன் தொடங்கிய புதிய கோப்பை அந்தப் பெயரில் வைக்கும். ஒரு நாள் லாக் அப்படியே காணாமல் போகும். விண்டோஸிலோ, மற்றொரு செயல்முறை கோப்பைத் திறந்து வைத்திருப்பதால் பெயர் மாற்றமே தோல்வியடையும். இது நூலகத்தின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். பல செயல்முறைகள் ஒரே கோப்பில் எழுதுவதற்கு ஆதரவு இல்லை என்று ஆவணமே சொல்கிறது.

அத்தகைய சேவைகளில் சுழற்சியை லினக்ஸின் லாக்ரொட்டேட் என்ற கருவியிடம் விட்டுவிட்டு, நிரலில் வாட்ச்ட்ஃபைல்ஹேண்ட்லரை வைக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் அது கோப்பின் ஐநோட் (கோப்புக்கு இயங்குதளம் தரும் அடையாள எண்) மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் புதிதாகத் திறக்கும். இதனால், கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக வெட்டும் காப்பிட்ரன்கேட் தேவைப்படுவதில்லை. நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடைப்பட்ட நொடியில் வரிகள் தொலையும் என்பதால் அது எனக்கு ஆகாது. சுருக்குவதை அடுத்த சுழற்சி வரை தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸை மட்டும் எப்போதும் சேர்க்கிறேன். சரிபார்த்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் நடுவே கோப்பு மாறிவிட்டால், அந்த ஒரு வரி இன்னும் சுருக்கப்படாத பழைய கோப்பில் பத்திரமாக விழும்.