தோல் லிம்ஃபோமாவின் ஆரம்ப நிலை: நேரோபேண்ட் ஒளியா, புவா ஒளியா?

பயாப்ஸி அறிக்கையில் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பார்த்ததும் பலர் ஏதோ பூஞ்சைத் தொற்று என்று நினைத்துவிடுகிறார்கள். பூஞ்சைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 1806-இல் இதை விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான்போல் தெரிந்ததால் வந்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. டி-செல் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்க்கு டி-செல் லிம்ஃபோமா என்று பெயர். அவற்றில் தோலில் தொடங்குபவற்றுள் அதிகம் பேருக்கு வருவது இதுதான். பிறருக்குத் தொற்றாது.

உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் திட்டுகள் இருந்தால் 1ஏ நிலை. அதற்கு மேல் போனால் 1பி. இரண்டிலும் தோலுக்கு மட்டும் தரும் சிகிச்சைதான் முதலில். நாலைந்து திட்டு மட்டும் என்றால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பிலேயே பல நேரம் அடங்கும். பரவலாக இருக்கும்போதுதான் ஒளிக் கூண்டு, அதாவது புற ஊதா (யு.வி.) விளக்குகள் பொருத்திய கூண்டு, தேவைப்படுகிறது. எந்த ஒளி என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

நேரோபேண்ட் யு.வி.பி. என்பது 311 முதல் 313 நானோமீட்டர் வரையிலான குறுகிய அலைவரிசை. மாத்திரை எதுவும் வேண்டாம். கூண்டுக்குள் நின்றால் போதும். புவா அப்படியல்ல. முதலில் மெத்தாக்ஸாலென் என்ற சோரலென் மாத்திரையை விழுங்கி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பிறகு 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான யு.வி.ஏ. ஒளியில் நிற்க வேண்டும். சோரலென் நமக்குப் புதிதல்ல: சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குத் தரும் கார்போகரிசியில் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான். அது செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. யு.வி.ஏ. பட்டதும் இரண்டு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பிணைந்த செல் பெருக முடியாமல் மடிகிறது. இந்த நோய்க்குப் புவாவை 1976-லேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நேரோபேண்ட் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில்.

இரண்டில் எது ‘பவர்’ அதிகம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, திட்டு எவ்வளவு தடிப்பு என்பதை. யு.வி.பி. மேல்தோலையும் அதற்கு அடியில் மெல்லிய ஓர் அடுக்கையும் தாண்டாது. யு.வி.ஏ. உள்தோலின் நடுப்பகுதி வரை இறங்கும். விரலால் தடவினால் மேடு தெரியாத தட்டைத் திட்டில் நோய்ச் செல்கள் மேலாகவே இருக்கின்றன. அங்கே நேரோபேண்ட் போதும். தடவும்போதே தடிப்பாகத் தெரியும் திட்டு, மயிர்க்கால்களைச் சுற்றிப் பற்றும் வகை ஆகியவற்றில் செல்கள் ஆழத்தில் இருக்கும். அங்கே நேரோபேண்ட் மேலே மட்டும் ஆற்றிவிட்டு அடியில் விட்டுவிடும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வந்த அலசலில், தோல் முழுதும் தெளிந்தவர்கள் புவாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பேர், நேரோபேண்டில் 62 பேர். ஆனால் அந்த வித்தியாசத்தைத் தட்டைத் திட்டு உள்ளவர் அப்படியே தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் நிறத் தோலில் இந்த நோய்க்குத் தனி முகம் ஒன்று உண்டு. சிவப்புத் திட்டாக இல்லாமல் வெளிறிய திட்டாக வரும், அதுவும் இள வயதிலேயே. தேமல் என்றும், வெண்புள்ளி என்றும், தொழுநோய் என்றும் நினைத்து ஆண்டுக்கணக்கில் வேறு வைத்தியம் பார்த்தவர்கள் ஏராளம். இந்த வெளிறிய வகை நேரோபேண்டுக்கு நன்றாகவே கேட்கும். நிறம் திரும்புவதுதான் இதில் குணத்தின் அடையாளம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் யோசிக்க வேண்டியதே இல்லை, நேரோபேண்ட்தான். கர்ப்பிணிக்கு ஒளி ஃபோலிக் அமிலத்தைக் குறைக்கக்கூடும் என்பதால் அந்த மாத்திரையை மட்டும் விடாமல் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் புவா கூடாது.

இனி அளவு. நேரோபேண்டில் நம் நிறத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 மில்லிஜூலில் தொடங்கி, தோல் சிவக்காத வரை ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 விழுக்காடு ஏற்றுவார்கள். வாரம் மூன்று நாள். புவாவில் உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் மாத்திரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 10 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஒளி 2 முதல் 2.5 ஜூலில் தொடங்கும். ஒன்று மில்லிஜூல், மற்றது ஜூல். இரண்டு விளக்கும் உள்ள கூண்டில் தவறான பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணையும் விளக்கின் பெயரையும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுத வைப்பது நல்லது.

புண் வெளிப்படும் நேரமும் வேறு. நேரோபேண்டில் தோல் வெந்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். புவாவில் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும், உச்சம் மூன்றாவது நாள்கூட ஆகலாம். அதனால்தான் அடுத்தடுத்த நாள்களில் புவா கொடுப்பதில்லை. முந்தைய முறையின் வேக்காடு வெளியே வருவதற்குள் அளவை ஏற்றிவிட்டால் கொப்புளம்தான். கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. எரிச்சல், சட்டை உரசினால் வலி, புதிதாகக் கருத்திருப்பது ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

நம் ஊர் வெயிலில் புவாவின் பெரிய சிக்கல் கூண்டுக்கு வெளியே இருக்கிறது. மாத்திரையின் வேலை கூண்டோடு முடிவதில்லை. அன்று முழுதும் தோலும் கண்ணும் யு.வி.ஏ.வுக்குத் திறந்தே கிடக்கும். சாதாரணக் கண்ணாடி யு.வி.ஏ.வைத் தடுக்காது என்பதால் பேருந்தின் ஜன்னல் ஓரம்கூடப் பாதுகாப்பில்லை. இரு சக்கர வண்டியில் வீடு திரும்பியதில் புறங்கையும் கழுத்தும் வெந்துபோவது நடக்கிற கதைதான். மதியத்துக்கு மேல் மாத்திரை, பொழுது சாயும்போது ஒளி என்று நேரத்தை அமைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். யு.வி.ஏ. தடுக்கும் மூக்குக் கண்ணாடியை மாத்திரை போட்டதிலிருந்து 24 மணி நேரம் அணிய வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிறிது சாப்பிட்டுவிட்டுப் போடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு சாப்பாடாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மருந்து ரத்தத்தில் ஏறும் நேரம் மாறும். தொடங்குமுன் கண் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுகிறார்கள்.

கூண்டுக்குப் பதிலாக மாத்திரை போட்டுவிட்டு மொட்டை மாடி வெயிலில் நிற்கும் முறை வெண்புள்ளிக்கு இங்கே வழக்கத்தில் உண்டு. லிம்ஃபோமாவுக்கு அது வேண்டாம். அளக்காத ஒளியில் அளவை எப்படி ஏற்றுவது? நேரோபேண்டுக்குப் போய்க்கொண்டே கைவைத்தியமாகக் கார்போகரிசி தடவுவதும் தோலை வேகவைக்கும்.

நீண்ட கால ஆபத்தில் இரண்டும் ஒன்றல்ல. சோரியாசிஸுக்குப் புவா எடுத்த வெள்ளைத் தோலினரைப் பல ஆண்டுகள் கண்காணித்ததில், முறைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய் கூடியது தெளிவாகத் தெரிந்தது. ஆணுறுப்பில் அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதால் அந்த இடத்தைத் துணியால் மூடியே ஒளி தர வேண்டும். கறுத்த தோலில் ஆபத்து குறைவு. அப்படியிருந்தும் வாழ்நாளில் 200 முறையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. நேரோபேண்ட் போதும் என்ற இடத்தில் புவாவைச் செலவழித்துவிட்டால், பின்னால் தடிப்புத் திட்டு வரும்போது கையில் மிச்சம் இருக்காது.

ஆகவே தட்டைத் திட்டு, வெளிறிய திட்டு என்றால் நேரோபேண்டில் தொடங்கலாம். மூன்று மாதம் ஒழுங்காகப் போயும் அசையாவிட்டால், அல்லது நடுவிலேயே திட்டு தடிக்கத் தொடங்கினால், மறுபடி பயாப்ஸி எடுத்துவிட்டுப் புவாவுக்கு மாறலாம். வெளிறிய வகையில் நிறம் மெல்லத்தான் திரும்பும். அங்கே இன்னும் பொறுக்கலாம். தொடக்கத்திலேயே தடித்த திட்டு என்றால் நேராகப் புவா.

எந்த ஒளியானாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடி, பிட்டப் பிளவு ஆகிய இடங்களில் நிழல் விழும். நோய் அங்கேயே ஒளிந்துகொண்டு, உடம்பெல்லாம் தெளிந்த பிறகு அங்கிருந்து திரும்பும். கைகளைத் தூக்கி, காலை அகட்டி நிற்கச் சொல்லித் தர வேண்டும். எட்டாத இடத்துக்குக் களிம்பு தனியே போட வேண்டும். ஒளிக்குமுன் சன்ஸ்கிரீனோ தடித்த களிம்போ தடவினால் அந்த இடத்தில் ஒளி இறங்காது.

அரிப்பு நின்றதும் வருவதை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தோல் தெளிந்த பிறகும் அதே அளவில் ஒன்று முதல் மூன்று மாதம் தொடர்ந்து, பிறகுதான் வாரம் இரண்டு, வாரம் ஒன்று என்று இடைவெளி கூட்டுவார்கள். இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே நிற்கக் கூடாது. நேரோபேண்டில் ஒரு வாரம் வரை விட்டிருந்தால் ஏற்றாமல் அதே அளவு. இரண்டு வாரம் வரை என்றால் கால் பங்கு குறைத்து. மூன்று வாரம் வரை என்றால் பாதி. அதையும் தாண்டினால் முதல் நாள் அளவிலிருந்து. கூண்டில் புது விளக்கு மாட்டிய வாரத்திலும் ஒளியை அளந்து பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். பழைய விளக்கு மங்கியிருந்ததால்தான் அந்த அளவு தாங்கியிருக்கும்.