ஆறு வருஷ நோட்ஸும் நாலு விதப் பைண்டிங்கும்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையம் வரை பஸ்ஸில் நான் சுமக்காத ஜெராக்ஸ் நோட்ஸ் கிடையாது.

முதலில் எல்லாமே ஸ்பைரல்தான். பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கமாக முழுசாக மடக்கி ஒரு கையில் பிடித்தால், நின்றுகொண்டே படிக்கலாம். அதற்கு வியாதி நுனியில்தான். வளைத்துவிட்ட முனை நாலு மாதத்தில் நிமிர்ந்து துப்பட்டாவில் மாட்டும். அப்புறம் சுருள் ஒவ்வொரு ஓட்டையாகக் கழன்று வரும். இப்போதெல்லாம் வாங்கியதும் நானே குறடால் இன்னொரு தடவை வளைத்துவிடுகிறேன். இடது ஓரத்தில் அரை அங்குலமாவது விட்டுப் பிரிண்ட் எடுங்கள். என் வரலாற்று நோட்ஸில் வருஷமெல்லாம் ஓட்டையோடு போய்விட்டது.

நடப்பு நிகழ்வுகளுக்கு, சீப்பு மாதிரிப் பிளாஸ்டிக் பல் வைத்த கோம்ப் பைண்டிங் போட்டேன். ஏ4 தாளுக்கு 21 பல். பல்லை விரித்து மாதாமாதம் புதுத் தாள் சேர்க்கலாம் என்பதுதான் ஆசை. டிபன் பாக்ஸோடு பையில் கிடந்ததில் நாலு பல் போய்விட்டது. சரி, விட்டுவிட்டேன்.

முதுகில் சுடுபசை ஊற்றி ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங், பார்க்கப் புத்தகம் மாதிரியே இருக்கும். நடுவில் விரித்து டம்ளரைத் தூக்கி வைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கையோடு வந்தது.

இலக்கணக் குறிப்புகளை மட்டும் நூல் தையல் போட நினைத்து, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்த பெரியவரிடம் போனேன். "ஒத்தைத் தாளா இருந்தா சைடுலதாம்மா ஓட்டை போட்டுத் தைக்க முடியும், விரியாது. மடிச்ச தாளாக் கொண்டா" என்றார். ஏ3 தாளில் பக்க வரிசை மாற்றிப் பிரிண்ட் எடுத்தேன். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் பாரம். மடிப்பு வழியாகவே ஊசியை விட்டு, பாரத்தோடு பாரத்தைக் கோத்தார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம், மேலே அட்டையும் காலிகோ துணியும். மூன்று தடவை அலைந்தேன்.

நாலு வருஷமாயிற்று. எந்தப் பக்கம் திறந்தாலும் மேசையில் படுத்துக் கிடக்கிறது. மூலைத் துணி மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆனால் கனம், பஸ்ஸுக்கு ஆகாது. பஸ்ஸுக்கு இன்னும் ஸ்பைரல்தான், குறடும் பையிலேயே.