ஒரு விழுக்காடா, மூன்று யூரோவா, ஊர்ப் பணமா?

டர்பனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் டோம்சா (TOMSA) என்ற சுற்றுலா விளம்பர வரியைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. அறைக் கட்டணத்தில் 1 விழுக்காட்டை விருந்தினரிடம் வாங்கிக் கட்டினால், அது அரசின் சுற்றுலா அமைப்பான சவுத் ஆஃப்ரிக்கன் டூரிசத்துக்குப் போய் நாட்டின் சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவாகும். கட்டாயம் கிடையாது. விடுதி விரும்பினால் சேரலாம், விருந்தினரும் மாட்டேன் என்று சொல்லலாம். பக்கத்து விடுதிக்காரர் சேராமலே பலனை அனுபவிப்பார் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் எரிச்சல்.

அப்படியென்றால் மொரீஷியஸ் மாதிரி கட்டாயமாக்கிவிடலாமா? அங்கே 2025 அக்டோபர் 1 முதல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 3 யூரோ கட்ட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை. கணக்கு எளிது, ஏய்ப்பதும் கடினம். ஆனால் யாரைக் கடிக்கிறது என்று பாருங்கள். அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் 13, 15 வயதுப் பிள்ளைகள். நாலு பேரும் 50 யூரோ அறையில் ஏழு இரவு தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 350 யூரோ, வரிக்கு 84 யூரோ. கிட்டத்தட்ட கால் பங்கு! அதே தீவின் லெ மோர்ன் கடற்கரைப் பக்கம் ஓர் இரவுக்கு 600 யூரோ கொடுத்துத் தங்கும் தம்பதிக்கு அதே ஏழு இரவுக்கு 42 யூரோதான். சின்ன விடுதிக்காரர் வயிற்றில் அடிக்கிற ஏற்பாடு இது.

அதே குடும்பம் டர்பனில் அதே விலைக்குத் தங்கினால் டோம்சா மூன்றரை யூரோ.

மொரீஷியஸுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் கதை வேறு. பிரெஞ்சுச் சட்டப்படி அங்கே தங்கல் வரியை ஊராட்சியோ, ஊராட்சிகளின் கூட்டமைப்போ விதிக்கிறது. தீவில் இப்படி ஐந்து கூட்டமைப்புகள். நட்சத்திரம் கூடக் கூட வரி கூடும். தரம் குறிக்கப்படாத விடுதி என்றால் தலைக்கு வரும் அறை வாடகையில் 1 முதல் 5 விழுக்காடு. 18 வயதுக்குக் கீழே யாருக்கும் வரி இல்லை. நம் குடும்பத்துக்கு 5 விழுக்காடே போட்டாலும் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 8.75 யூரோ, மேல்வரி இருந்தால் கொஞ்சம் கூடும். இந்தப் பணத்தைச் சுற்றுலா தொடர்பான வேலைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்குள்ள சேன்-தாந்த்ரே ஊரில் தீமிதி பார்க்க வந்து தங்குபவரின் காசு அந்தப் பக்கத்திலேயே சுற்றும்.

தொல்லையும் உண்டு. ஊருக்கு ஊர் விகிதம் மாறும், பதிவேடு வைக்க வேண்டும், கணக்குக் கொடுக்க வேண்டும். ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் தாங்களே பிடித்துக் கட்டிவிடுவதால் அவற்றின் வழியாக விருந்தினரை எடுப்பவருக்குப் பாதிச் சுமை குறைகிறது.

என் கணக்கில் 3 யூரோ முதலிலேயே தள்ளுபடி. மற்ற இரண்டில் வசூலிக்கும் முறைக்கு டோம்சா, செலவழிக்கும் முறைக்கு ரீயூனியன். நாடு முழுவதற்கும் விளம்பரம் என்றால் கேப் டவுன் மலையும் க்ரூகர் பூங்காச் சிங்கமும்தான் முன்னால் நிற்கும் என்பது என் எண்ணம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விடுதி வைத்திருப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும்? இந்த 1 விழுக்காட்டை நாளைக்குக் கட்டாயமாக்கினால், சரி, கட்டுவோம். பாதியை டர்பனிலேயே விடச் சொல்லித்தான் கட்ட வேண்டும்.