பிளவின் ஓரத்துப் பல்: சிமெண்டா, காம்போசிட்டா?

உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு ஏழு வயதில் மேல் முன்பல் முளைக்கும்போது, பிளவு இருந்த பக்கத்துப் பல் பல நேரம் திரும்பிக்கொண்டு வரும். அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு திட்டு, இல்லையென்றால் நகம் பட்டாலே தெரிகிற குழி. "ஒழுங்கா பல்லு விளக்கி விட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று திட்டு விழுவது அம்மாவுக்குத்தான். பிறந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள் என்றார்கள், இப்போது பிரஷ்.

இரண்டுமே அபாண்டம். அந்தப் பல்லின் எனாமல், அதாவது பல்லை மூடிய கெட்டியான வெளி உறை, குழந்தை பிறந்து மூன்று, நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்குகிறது. உதட்டைத் தைக்கும் அறுவை சிகிச்சையும் ஏறக்குறைய அப்போதுதான் நடக்கிறது. பிளவே காரணமா, அறுவையா, பால் குடிக்கச் சிரமப்பட்ட மாதங்களின் சத்துக்குறைவா என்ற வழக்கு மருத்துவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. ஒன்று நிச்சயம்: எனாமலைச் செய்யும் செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. குறை தானாக ஆறாது, மூடத்தான் வேண்டும்.

எதை வைத்து மூடுவது என்பதற்கு முன், எனாமல் மெலிந்திருக்கிறதா, மெத்தென்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழி விழுந்தும் கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் அது மெலிந்த எனாமல். வெள்ளைத் திட்டாக, சாக்பீஸ் போல உதிர்ந்தால் தாதுச்சத்து ஏறாத எனாமல். விடை பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது.

காம்போசிட் என்ற பிசின் அடைப்பு அழகு. பல் நிறத்துக்கே பொருந்தும், தேய்மானமும் குறைவு. மெலிந்த, கெட்டியான எனாமலில் நன்றாகப் பிடிக்கும்; உதிர்கிற எனாமலில் பிடிமானம் பலவீனம், ஓரம் பெயர்ந்து அடியில் சொத்தை புகுந்துகொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். காம்போசிட் வைக்கும்போது எச்சில் படவே கூடாது. தழும்பால் இறுகிய மேலுதட்டைத் தூக்கிப் பஞ்சு உருளையைச் செருகிப் பாருங்கள், வழுக்கி வெளியே வந்து விழும். பல அறுவைகளைப் பார்த்த குழந்தை வேறு, உதட்டில் விரல் பட்டாலே முகத்தைத் திருப்பும்.

கிளாஸ் அயனோமர் சிமெண்ட் அந்த ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பல்லோடு வேதியியலாக ஒட்டும், ஃப்ளோரைடும் கசியும். ஆனால் நிறம் மங்கல், சீக்கிரம் தேயும். ஏழு வயதில், எனாமல் உதிர்கிறது என்றால் நான் சிமெண்ட் பக்கம்தான். காரணம் தேய்மானக் கணக்கு அல்ல, காலண்டர். ஈறும் பிளந்திருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் அங்கே எலும்பு ஒட்டு வைப்பார்கள், அதையொட்டிப் பல்லுக்குக் கம்பியும் போடுவார்கள். இடம் மாறப்போகிற பல்லுக்கு இப்போதே முழு அலங்காரம் எதற்கு? கம்பி கழற்றியபின் காம்போசிட்டில் அழகாகக் கட்டிக்கொள்ளலாம். எனாமல் கெட்டி, பள்ளியில் கேலி தாங்கவில்லை என்றால் மட்டும் காம்போசிட்டை இப்போதே வையுங்கள், கேலியும் நோய்தான்.

பூச்சுகளில் போட்டி சுலபம். ஃப்ளோரைடு வார்னிஷில் 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 22,600 பங்கு) ஃப்ளோரைடு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசலாம், குழியை நிரப்பாது. வெள்ளி டைஅமைன் ஃப்ளோரைடு சொத்தையை நிறுத்துவதில் கெட்டி, ஆனால் பூசிய இடம் கறுக்கும். கடைவாய்ப் பாற்பல்லுக்குச் சரி. சிரித்தால் தெரியும் முன்பல்லில் பெற்றோரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பின்பக்கக் கடைவாய்ப்பல் பொடிந்துகொண்டே வந்தால் சிமெண்டை மறுபடி மறுபடி அடைப்பதைவிட ஸ்டீல் கேப் ஒரே தடவையில் முடியும்.

எதை வைத்தாலும் தழும்புக்கு உள்பக்கம் சோறு தங்கும். அங்கே பிரஷ் போட வீட்டில் பயப்படுவார்கள். தையல் நன்றாக ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்னபின் பிரியாது. சுட்டுவிரலால் உதட்டைத் தூக்கிப் பிடித்து, சிறிய தலை உள்ள மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தைத் தேயுங்கள். முதல் நாள் லேசாக ரத்தம் வந்தாலும் நிறுத்தவேண்டாம்.