தரங்கம்பாடியில் மூன்று மணி நேரம்: ஒரு நடைச்சுற்றுலாவின் மதிப்பீடு

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மறைபரப்பாளர் சீகன்பால்கு வாழ்ந்த இடங்களை நடத்திக் காட்டும் மூன்று மணி நேரச் சுற்றுலா ஒன்றில், சென்ற மார்கழியில், நானும் என் மனைவியும் பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளும் கலந்துகொண்டோம். ஆளுக்கு 600 ரூபாய். நடத்துபவர்கள் வெளியூரைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். காலை 7 மணிக்கு நகர வாயிலில் கூடச் சொன்னார்கள். வழிகாட்டியான இளைஞர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். மொத்தம் பதினொரு பேர் என்பதால் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். இடையில் தேநீர் உண்டு என்று சொல்லியிருந்தார்கள், கடைசிவரை வரவில்லை.

சுற்றுலாவின் சிறந்த பகுதி கடற்கரையில் அமைந்தது. சீகன்பால்கு வந்திறங்கியதன் நினைவுச் சின்னத்தின் அருகே எங்களை உட்காரவைத்த வழிகாட்டி, அவரை ஒரு மகானாகக் காட்டாமல், வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஓர் இளைஞனாகக் காட்டினார். சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, ஹாலே நகரில் படித்த அந்த ஜெர்மானியரை, டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தம் செலவில் இங்கே அனுப்பினார். புளூட்சோ என்ற தோழருடன் 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் கப்பலேறியவர், ஏழு மாதங்களுக்கும் மேலாகக் கடலில் கழித்து, 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையேறினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. அனுப்பியவர் அரசர், ஆனால் இங்கே அதிகாரம் செலுத்திய டேனிய வணிகக் கம்பெனியாருக்கோ, தம் வியாபாரத்துக்கு இடையூறாக வந்தவர்களாகவே இவ்விருவரும் தோன்றினர்.

மொழி தெரியாமல் வந்தவர் என்ன செய்தார் என்பதை வழிகாட்டி சொல்லாமல் செய்து காட்டினார். முதிய வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எங்களையும் கடற்கரை மணலில் அகரத்தை எழுதச் சொன்னார் வழிகாட்டி. ஈர மணலில் எழுத்து ஆழமாகப் பதிந்தது. உலர்ந்த மணலிலோ விரலை எடுப்பதற்குள் சரிந்து மூடிக்கொண்டது. திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தா, எழுதி எழுதி விரல் நுனி தேய்ந்ததாகச் சொல்வதை நான் மிகைப்படுத்தல் என்றே நினைத்திருந்தேன். அலைபேசியைவிட்டுத் தலை நிமிராத என் மகள் கால் மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதைச் சொன்னாலே போதும்.

அங்கிருந்து நகர்ந்ததும் சுற்றுலாவின் தரம் இறங்கியது. உலகிலேயே முதன்முதலாக அச்சான தமிழ்ப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வெளிவந்தது என்று வழிகாட்டி இரண்டு இடங்களில் உறுதியாகச் சொன்னார். இது தவறு. போர்த்துக்கீசிய யேசு சபைக் குருவான என்றீக்கே என்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. சீகன்பால்குவின் பெருமைக்கு இரவல் தேவையில்லை. அவர் மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்த பைபிளின் புதிய ஏற்பாடு, இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அச்சாகாதது. லண்டனிலிருந்து வந்த இயந்திரத்திலும் ஹாலேயில் வார்த்த எழுத்துகளிலும் வேலை தொடங்கியது. அந்த எழுத்துகள் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இவ்வளவு சுவையான செய்தி இருக்க, "முதல், முதல்" என்று அடுக்கிக்கொண்டே போனது எனக்குச் சலிப்பூட்டியது.

இதைவிடப் பெரிய குறை, சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. வந்து இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சுவடிகளாகத் திரட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி, 1708-இல் பட்டியல் ஆக்கினார் சீகன்பால்கு. நாம் இரண்டாம் வகுப்பில் ஒப்பித்த கொன்றை வேந்தனையும், அதனுடன் உலகநீதியையும் நீதி வெண்பாவையும் அதே ஆண்டில் ஜெர்மனில் பெயர்த்தார். மதம் மாற்ற வந்தவர்தாம். அந்த நோக்கத்தை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆயினும் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய விரிவான நூலை, ஹாலேயில் இருந்த அவருடைய குருவான பிராங்கே, புறச்சமயத்தாரின் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது நம் வேலையன்று என்ற எண்ணத்தில் அச்சேற்றவில்லை. அது அச்சைக் கண்டது 1867-இல், சென்னையில். அனுப்பியவர்களுக்கும் போன இடத்துக்கும் நடுவில் ஓர் இளைஞன் இப்படி மாட்டிக்கொண்டதைச் சொல்லாத சுற்றுலா, அவரை எப்படிக் காட்ட முடியும்? அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பனின் பெயரும் ஒருமுறைகூட வரவில்லை. நான் கேட்டபோது, "அதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் சார்" என்று வழிகாட்டி சிரித்துவிட்டார்.

நேரத் திட்டமும் சரியில்லை. கம்பெனி ஆளுநர் ஹாசியுஸ் 1708-இன் இறுதியில் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதங்கள் அடைத்துவைத்த டேனியக் கோட்டையை வெளியில் நின்றே பார்க்க முடிந்தது. அது திறப்பதற்குள் எங்கள் நடை முடிந்துவிட்டது. தொடக்கத்தை ஒன்பது மணிக்கு மாற்றினாலே இக்குறை தீரும்; வெயிலைச் சாக்காகச் சொல்வது மார்கழிக்குப் பொருந்தாது.

கிங் தெருவிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்தில் வழிகாட்டி மீண்டும் நன்றாகப் பேசினார், இம்முறை குறைவாக. 1718-இல் கட்டி முடிந்த ஆலயம் அது; மறு ஆண்டு பிப்ரவரியிலேயே, 36 வயதில் இறந்த சீகன்பால்குவை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அங்கே எங்களைப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டார். நான் கொடுத்த 600 ரூபாயில் பாதி அந்தப் பத்து நிமிடத்துக்கும் மறுபாதி மணலில் எழுதியதற்கும் சரியாகப் போயிற்று.

பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். தமிழ் அச்சு வரலாற்றை ஓரளவு அறிந்தவர்களுக்கு அவ்வளவாகச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நடக்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். நடை முடிந்ததும் வண்டியேறிவிடாமல், அருங்காட்சியகமாக உள்ள சீகன்பால்குவின் வீட்டையும் தனியே பார்த்துவிட்டு வாருங்கள். இந்தக் கட்டணத்தில் அது சேராது. கழற்றி மாட்ட எளிதான செருப்பும், கையோடு ஒரு பிளாஸ்க் தேநீரும் இருப்பது நல்லது.