எஸ்.சி.ஏ. பிரம்பு வாளும் கவசமும்: பல சீசன் உழைத்த பிறகு தெரிவது

1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுப் பின்தோட்டத்தில் நடந்த விருந்தும் வாட்போட்டியும்தான் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசத்தின் தொடக்கம். சுருக்கமாக எஸ்.சி.ஏ. இடைக்காலப் போரை ஆடிப் பார்க்கும் அமைப்புகள் உலகில் பல உண்டு. இவர்களுடைய முதன்மைச் சண்டை பிரம்பு ஆயுதத்தால், முழு வேகத்தில், நிஜமாக அடித்து ஆடுவது. புதிதாக வாங்கும்போது எல்லாக் கவசமும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று சீசன் கழித்து எது தாங்குகிறது, எது விட்டுப்போகிறது, அதனால் ஆட்டமே எப்படி மாறுகிறது என்பது இந்தப் பதிவு.

முதலில் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. அடி சரியாக விழுந்ததா என்று இங்கே நடுவர் சொல்வதில்லை, அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். எல்லாரும் பஞ்சு அங்கியின் மேல் இரும்பு வளையச் சட்டையும், கை கால்களில் பதப்படுத்திய தோலும், மூக்குப் பட்டை வைத்த திறந்த முகத் தலைக்கவசமும் போட்டிருப்பதாகக் கற்பனை. அந்தக் கவசத்தைத் தாண்டி வேலை செய்திருக்கும் அளவுக்கு அடி இருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்ட வேண்டும். தொடையில் பட்டால் மண்டியிட வேண்டும். தலையிலோ உடம்பிலோ பட்டால் விழ வேண்டும்.

ஆகவே இந்த ஆட்டத்தில் நல்ல கவசம் என்றால் உடம்பைக் காக்க வேண்டும், கூடவே அடி தெரியவும் வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மெத்தை மாதிரி ஃபோம் அடைத்தவருக்குச் சரியான அடியும் தட்டியது போலத்தான் தோன்றும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எதிரில் நிற்பவர் அடுத்த முறை இன்னும் ஓங்கி அடிப்பார். ஒரே பயிற்சிக் குழுவில் இப்படி நாலு பேர் இருந்தால் ஆறு மாதத்தில் அந்தக் குழு முழுவதும் கனமாக அடிக்கப் பழகிவிடும். அதன்பிறகு காயம் வந்தால் காரணம் யாருடைய முரட்டுத்தனமும் அல்ல, ஒரு ஃபோம் ஷீட்டின் தடிமன்.

பிரம்புக்கு வருவோம். சிலம்பம் பார்த்தவர்களுக்கு மூங்கிலுக்கும் பிரம்புக்கும் உள்ள வேறுபாடு தெரியும். மூங்கில் உள்ளே கூடு. நெடுக்கில் பிளந்தால் கத்தி போன்ற சிலாம்பு வெளியே நீட்டும், அது ஹெல்மெட்டின் முகக் கம்பிக்குள் நுழைந்தால் கண் போகும். பிரம்பு உள்ளே முழுக்க நார். அடி வாங்க வாங்க நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து துவளும், பட்டென்று ஒடிவது அரிது. அதனால்தான் வாளுக்கு இந்தப் பொருள்.

அடிக்கும் பகுதி முழுவதும் குறைந்தது 1¼ அங்குல விட்டம் இருக்க வேண்டும், அதாவது சுமார் 32 மி.மீ. சரியாக 1¼ அங்குலக் கழியை வாங்குவது பலரும் செய்கிற தவறு. கணுக்களை அரத்தால் ராவி, வளைவைச் சூடு காட்டி நிமிர்த்தி, கைப்பிடியை இழைத்து முடிப்பதற்குள் ஏதாவது ஓரிடத்தில் அளவு குறைந்துவிடும். பரிசோதனை மார்ஷலின் (களத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலரின்) அளவு வளையம் அந்த இடத்தில் சுலபமாக நுழையும், வாள் அன்று ஓரமாகக் கிடக்கும். 1⅜ அங்குலத்தில் தொடங்குங்கள். தோலோடு இருக்கும் பிரம்பு கனம், ஆனால் நீடித்து உழைக்கும். தோல் சீவியது இலகு, சீக்கிரம் நைந்துவிடும்.

கைப்பிடியை உருண்டையாக விடாதீர்கள். முட்டை வடிவில் இழைத்தால் வெட்டுமுனை (வாளின் கூர்ப்பக்கமாகக் கொள்வது) எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே உள்ளங்கை சொல்லிவிடும். பட்டையாகத் திரும்பி விழும் அடி கணக்கில் சேராது. உருண்டைப் பிடி வைத்தவர் சண்டையின் நடுவில் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

டேப் சுற்றும் வரிசை முக்கியம். முதலில் நார் ஓடும் ஸ்ட்ராப்பிங் டேப்பை நெடுக்காக நான்கு பட்டை, நுனியைத் தாண்டி மறுபக்கம் மடங்கி வரும்படி ஒட்டுங்கள். அதன்மேல் அதே டேப்பைச் சுருளாகச் சுற்றுங்கள். கடைசியாகத் துணி டேப்பை நெடுக்காக ஒட்டுங்கள். துணி டேப்பையும் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் எதிராளியின் கேடயத்தில் உரசிப் பிரிந்து, ஒரு மதியத்திலேயே வாலாட்டத் தொடங்கும். வெட்டுமுனைக்கு வேறு நிறத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒற்றைக் கை ஆயுதத்துக்கு மணிக்கட்டுக் கயிறு தேவை. அதன் நீளம், பிடி நழுவினால் வாள் கையெட்டும் தூரத்திலேயே நிற்கும் அளவு. அதற்கு மேல் விட்டால் வாள் சுழன்று உங்கள் முழங்காலையே தேடி வரும்.

வாள் தேய்வதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடி பெரும்பாலும் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் விழும். அந்த இடத்தில் பழைய டேப்பை அறுத்துப் பாருங்கள். மேலே டேப் நன்றாக இருக்கும், உள்ளே பிரம்பு மென்ற வேப்பங்குச்சி மாதிரி இருக்கும்: நார் நாராகப் பிரிந்து, மாவு போல் தூள் உதிர்ந்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும். இந்த நிலைக்கு வருவதற்கு முன்பே காது சொல்லிவிடும். புதுப் பிரம்பு ஹெல்மெட்டில் பட்டால் ‘டணார்’ என்று கேட்கும், நைந்தது ‘தொப்’ என்று விழும். ‘தொப்’ என்று விழும் வாளை வைத்திருப்பவர் என்ன செய்வார்? அடி ஏறவில்லை என்று நினைத்து இன்னும் தோளைப் போட்டு அடிப்பார். நைந்த வாளை யாரும் ஆபத்தென்று நினைப்பதில்லை. ஆனால் ஆளை முரடாக்குவது அதுதான்.

வாராவாரம் செய்ய வேண்டிய சோதனை எளிது. இரண்டு கையால் பிடித்து லேசாக வளையுங்கள். ஒரே இடத்தில் மட்டும் மடங்கினால் அங்கே நார் விட்டுவிட்டது. பிறகு கட்டைவிரலால் முழு நீளமும் அழுத்திக்கொண்டே போங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் போட்டு வைத்த பிரம்பு காய்ந்து இலகுவாகி, சீக்கிரமே நொறுங்கத் தொடங்கும். நிழலில், படுக்கவைத்து வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

குத்துவதற்கு வைக்கும் ஃபோம் முனை தனிக் கவலை. குறைந்தது அரை அங்குலம் படிப்படியாக அமுங்க வேண்டும், அதற்குள் உள்ளிருக்கும் பிரம்பு அழுத்தும் விரலில் தட்டக்கூடாது. முனையை டேப்பால் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் அது பந்து மாதிரி விறைத்துக்கொள்ளும். ஊசியால் நாலைந்து துளை போட்டால் காற்று வெளியேறி அமுங்கும். குளிர்காலக் காலையில் ஃபோம் கல்லாக இருக்கும் என்பதால், கூடத்துக்குள் சோதித்த முனையை மைதானத்தில் இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். முகக் கம்பியில் லேசாகத் தொட்டாலே குத்து கணக்கில் சேரும். ஆகவே இங்கே பலத்துக்கு வேலையே இல்லை.

இனி ஹெல்மெட். விதிப்படி குறைந்தது 16 கேஜ் எஃகு, அதாவது சுமார் 1.6 மி.மீ. இது கீழ் எல்லை. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன். அடிக்கடி ஆடுபவர்கள் 14 கேஜுக்குப் போவது சரியான முடிவு. 16 கேஜில் மேல்தகடு ஒரு சீசனிலேயே சொட்டை விழுந்து, சொட்டை உள்ளிருக்கும் ஃபோமைத் தின்னத் தொடங்கும். எடையையும் குறையாகப் பார்க்காதீர்கள். கனமான ஹெல்மெட் அடி விழும்போது மெதுவாகத்தான் நகரும், அதனால் உள்ளே தலை குலுங்குவதும் குறையும். கழுத்துக்கு இலகுவாக இருக்கட்டும் என்று மெல்லிய உலோகத்தில் செய்தவை கடையில் கவர்ச்சியாக இருக்கும். மாலைத் தலைவலியில்தான் கணக்கு தெரியும்.

முகக் கம்பிகளுக்கு இடையே 1 அங்குல உருட்டுக் கழி நுழையக்கூடாது. மோவாய்க்குக் கீழே குறைந்தது 1 அங்குலம் கம்பி இறங்கி வர வேண்டும். புதிதில் எல்லா ஹெல்மெட்டும் இதில் தேறும். ஆனால் கம்பிகள் அடி வாங்கி உள்வாங்கும், இரண்டு கம்பிக்கு நடுவில் சந்து விரியும். ஆகவே ஒரு சோதனைக் கழியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பற்றுகளில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். துருக்கோடு போல் தெரிவது பெரும்பாலும் கீறல்தான்.

உள்ளே அரை அங்குல மூடிய செல் ஃபோம். அளவான தடிமன், நல்ல பொருத்தம், இவை இரண்டும்தான் இங்கே சரியான வழி. நண்பர் ஒருவர் முகக் கம்பியைப் பிடித்து ஆட்ட வேண்டும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து நகர வேண்டும், கம்பி மூக்கிலோ மோவாயிலோ தட்டக்கூடாது. தாடைவார் குறைந்தது அரை அங்குல அகலம். ஃபோம் வியர்வையிலும் அடியிலும் நிரந்தரமாக அமுங்கிப்போகும், தினமும் போடுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஒட்டும்போதே அதே ஷீட்டில் ஒரு துண்டை வெட்டித் தேதி எழுதி வைத்துக்கொண்டால், பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உச்சித் துண்டு முதலில் போகும். காரணம், தொடையில் அடிபட்டு மண்டியிட்டவருக்கு அதன்பின் வரும் அடியெல்லாம் மேலிருந்துதான்.

கழுத்துக் காப்பு குரல்வளையையும் கழுத்து எலும்புகளையும் மூட வேண்டும். நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்த்தால் எல்லாம் மூடித்தான் இருக்கும். தலையைக் குனிந்து, தோளைத் தூக்கி, கேடயத்துக்குப் பின்னால் சண்டை நிலையில் நின்று பின்கழுத்தை வேறொருவரை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் பின்விளிம்புக்கும் காப்புக்கும் நடுவே விரல் தோலைத் தொட்டால், அந்தச் சந்தில் ஒரு பட்டையைத் தொங்கவிட வேண்டும்.

கை. கணுக்கையிலிருந்து விரல்வரை இலக்கு கிடையாது. ஆனால் வாள் பிடித்த கை எப்போதும் அடி வரும் வழியிலேயே இருக்கிறது, விதி அதை நகர்த்தாது. எஃகுக் கூண்டுப் பிடியும் (வாள் பிடித்த கையைச் சுற்றி மூடும் கம்பிக் கூடு) உள்ளே ஹாக்கிக் கையுறையும் முழு இரும்புக் கையுறையைவிட நீண்ட காலத்துக்கு நல்லது என்பது என் தீர்ப்பு. இரும்புக் கையுறையில் விரல் தகடுகளின் ரிவெட் ஒன்று தளர்ந்தாலும் தகடு நழுவி, அடுத்த அடியில் விரலை நசுக்கும். கூண்டில் கவனிக்க வேண்டியது கட்டைவிரல் பக்கம். அங்கே கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் நகம் போகும்.

முழங்கை, முழங்கால் காப்புகளுக்குக் கெட்டியான மேல்தகடும் உள்ளே கால் அங்குல ஃபோமும். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் ஃபோம்தான் முழுக் கவசத்திலும் முதலில் சாகும். சிறுநீரகப் பகுதிக்குத் தடித்த தோலும் ஃபோமும் போதும். தோல் வார்களில் விடுவது எப்போதும் ரிவெட்டை ஒட்டிய இடம். வியர்வை உப்பும் துருவும் சேர்ந்து அங்கே தோலை அரிக்கும், பார்வைக்கு முழுசாக இருக்கும், இழுத்தால் காகிதம். மாற்று வாரும் இரண்டு ரிவெட்டும் பையில் இருக்கட்டும். கேடயத்துக்குத் தோட்டக் குழாயை நெடுக்கில் கீறி விளிம்பில் மாட்டுங்கள். வெறும் அலுமினிய விளிம்பு எதிராளியின் பிரம்பை ரம்பம் போல் தின்னும்.

முழங்காலுக்கு 1 அங்குலம் மேலிருந்து கீழே அடிக்கக்கூடாது என்ற விதி வரலாற்றுக்கு ஒத்துவராது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஸ்வீடனின் விஸ்பி நகரத்துக்கு வெளியே 1361-இல் டென்மார்க் படை வெட்டிப்போட்டவர்களின் குழிகளை 1905-லும் 1928 முதல் 1930 வரையிலும் தோண்டினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகளில் கீழ்க்காலில் விழுந்த வெட்டுகள் ஏராளம். கேடயம் மறைக்காத இடம் அதுதான். தோலுக்கு அடியிலேயே எலும்பு, பக்கவாட்டு அடியைத் தாங்காத மூட்டு. அன்று அவர்கள் அங்கே குறிவைத்த அதே காரணத்துக்காகத்தான் இன்று அது விலக்கு. இந்த விதியை யாரும் தளர்த்தக் கேட்கக்கூடாது.

‘ஹோல்டு’ என்ற சத்தம் கேட்டால் அடி பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். கேட்டவர் ஒவ்வொருவரும் திருப்பிக் கத்த வேண்டும். 1972 முதல் நடந்துவரும், இப்போது பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி ராக் அருகே கூடும் எஸ்.சி.ஏ.வின் ஆண்டுப் பெருங்கூடலான பென்சிக் போர் போன்ற இடத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மோதும்போது, பின்வரிசைக்கு முன்வரிசை மார்ஷலின் குரல் எட்டாது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சே பெரிதாகக் கேட்கும். அங்கே கோடைகாலம் வேறு. பஞ்சு அங்கியும் எஃகும் போட்டவருக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருப்பது தாமதம். ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் உப்புச் சேர்த்த தண்ணீர் வேண்டும். வியர்வை சட்டென்று நின்றவர், பேச்சு குழறுபவர் யாராக இருந்தாலும் உடனே கவசத்தைக் கழற்றி, நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்துக் குளிர வைத்து மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

ஒருவர் அடியை ஒத்துக்கொள்ளாமல் நின்றால் ‘அந்த அடி எங்கே விழுந்தது, எப்படித் தெரிந்தது?’ என்று ஆட்டம் முடிந்ததும் அமைதியாகக் கேளுங்கள். ‘தெரியவே இல்லை’ என்றால் அவர் ஹெல்மெட்டைத் திறந்து ஃபோமைப் பாருங்கள், உங்கள் வாளில் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிய அந்த இடத்தையும் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் பதில் இருக்கும். வாளில் என்றால் நைந்த முன்பாதியை அறுத்தெறியுங்கள். பிடிப்பக்கம் அடி வாங்காமல் கெட்டியாகவே இருக்கும். அதை அளந்து பார்த்து, 1¼ அங்குலம் நின்றால், முனையை உருட்டிப் புதிதாக டேப் சுற்றிக் குறுவாளாக வைத்துக்கொள்ளலாம்.